275 சிசி மார்பு இம்ப்ளாண்ட் போதவில்லை, 425-க்கு மாற்றலாமா?

வேளிமலை மழை:

எல்லாருக்கும் வணக்கம். தக்கலைக்குப் பக்கத்து ஊர், வயது 36. பையனுக்குப் பால் நிறுத்தியதும் மார்பு சுத்தமாகச் சுருங்கிப்போனது. நாலு வருஷத்துக்கு முன்னால் சிலிகான் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் 275 சிசி, உருண்டை வடிவம், வழவழப்பான மேற்பரப்பு, தசைக்கு அடியில். தையல் மார்பின் கீழ் மடிப்பில். புண் ஆறியதிலோ வலியிலோ ஒரு தொந்தரவும் இல்லை.

குறை அளவில்தான். ஆபரேஷன் முடிந்த புதிதில் வீக்கத்தோடு சேர்த்து நல்ல எடுப்பாக இருந்தது. வீக்கம் வடிந்து இம்ப்ளாண்ட் கீழே அமர்ந்ததும் மேல்பாகம் மறுபடி தட்டை. சேலையில் பரவாயில்லை. சுடிதார் போட்டால் கழுத்தெலும்புக்குக் கீழே ஒட்டிப்போய்த் தெரிகிறது. இவ்வளவு காசு கொடுத்த பிறகும் பேட் வைத்த பிராதான் போட வேண்டுமா என்று எரிச்சல்.

400, முடிந்தால் 425 வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர், "பழைய தையல் வழியாகவே எடுத்துவிட்டுப் பெரியதை வைத்துவிடலாம், முதல் தடவையை விட வலி குறைவு" என்கிறார். இன்னொருவர் நாகர்கோவிலுக்கு வந்து பார்ப்பவர். காலிப்பர் வைத்து அளந்து பார்த்துவிட்டு, "உங்கள் மார்பின் அடி அகலம் 12 சென்டிமீட்டர். 425 எல்லாம் இதில் உட்காராது. முதலில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று முடித்துவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது? ரிவிஷன், அதாவது இம்ப்ளாண்டை மாற்றும் இரண்டாவது ஆபரேஷன், செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியும், அவர் தடுக்கவில்லை. அம்மாவுக்கு முதல் ஆபரேஷனே தெரியாது.

தியேட்டர் சிஸ்டர்:

மார்த்தாண்டம்தான் சொந்த ஊர். பல வருஷமாக பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டரில் வேலை. நான் டாக்டர் இல்லை, மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

மக்களே, காலிப்பர் எடுத்து அளந்தவரைத்தான் நான் முதலில் நம்புவேன். எல்லாரும் சிசியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். சர்ஜன் பார்ப்பது அகலத்தை. புரொஃபைல் என்பது இம்ப்ளாண்ட் எவ்வளவு முன்னால் எடுத்து நிற்கிறது என்பது. ஒரே 400 சிசி, தட்டையான புரொஃபைலில் அகலமாகப் பரவும்; ஹை புரொஃபைலில் அகலம் குறைந்து முன்னால் தள்ளும். 12 செ.மீ. அடி அகலத்துக்கு நடுத்தர புரொஃபைலில் 425 போட்டால் அகலம் 13-ஐத் தாண்டிவிடும். அந்த ஒரு செ.மீ. எங்கே போகும்? ஒன்று கக்கத்துப் பக்கம் போய்க் கை உரசும், இல்லையென்றால் நடு எலும்புப் பக்கம் வரும். நடுவில் ரொம்ப வெட்டித் தளர்த்திவிட்டால் இரண்டு இம்ப்ளாண்டும் ஒன்றையொன்று தொட்டு நடுப்பள்ளமே இல்லாமல் போய்விடும். அதைச் சரிசெய்வது முதல் ஆபரேஷனை விடப் பெரிய வேலை.

"வலி குறைவு" என்று அவர் சொன்னது பொய் இல்லை. தசையை முதல் தடவை தூக்கும்போது வரும் வலி பொதுவாக இரண்டாம் தடவை வராது. ஆனால் வலி குறைவு என்றால் ஆபரேஷன் சுலபம் என்று ஆகாது. முதல் தடவை புதுத் தோல், புதுத் தசை. இரண்டாம் தடவை இம்ப்ளாண்டைச் சுற்றி உடம்பு கட்டிய தழும்புச் சவ்வு, அதாவது கேப்சூல், இருக்கும், நாலு வருஷம் எடை தாங்கி மெலிந்த தோல் இருக்கும். பெரியதை வைக்க கேப்சூலைக் கீறிப் பையைப் பெரிதாக்க வேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு கீற வேண்டும் என்பதில்தான் முழு ஆபரேஷனும் இருக்கிறது.

எடையையும் யோசி. சிலிகான் ஜெல் ஒரு சிசி கிட்டத்தட்ட ஒரு கிராம். 275-லிருந்து 425 என்றால் ஒரு பக்கத்துக்கு 150 கிராம் கூடுதல், இரண்டுக்கும் சேர்த்து 300. அது முழுவதையும் கீழ் மடிப்பிலுள்ள தோலும் பழைய தையல் தழும்பும் தாங்க வேண்டும்.

உனக்கு ஒரே கேள்வி: மேல்பாகம் தட்டையாக இருப்பது இம்ப்ளாண்ட் சிறியது என்பதாலா, இல்லை இம்ப்ளாண்ட் இருக்க வேண்டிய இடத்தை விட்டுக் கீழே இறங்கிவிட்டதாலா? கண்ணாடி முன்னால் நின்று பார். காம்பு முன்னால் பார்க்காமல் மேல்நோக்கிப் பார்த்தால், காம்புக்கும் கீழ் மடிப்புக்கும் இடையே தூரம் கூடியிருந்தால், பழைய தையல் மடிப்பில் இல்லாமல் மார்பின் மேல் ஏறித் தெரிந்தால், இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் 425 வைத்தால் அதுவும் இறங்கும், இன்னும் சீக்கிரமாக.

மட்டிப்பழம்:

சிஸ்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் அளவு பற்றி ஒரு வீட்டு வைத்தியம் நானும் சொல்லட்டும். என் சர்ஜனே சொல்லித் தந்தது.

பழைய நைலான் சாக்ஸில் பொன்னி அரிசியை அளந்து போட்டுக் கட்டி, பேட் இல்லாத பிராவுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். மில்லி குறித்த அளவுக் குப்பியில் 150 மில்லி அளந்துகொண்டால் அது 150 சிசிக்குச் சமம். நீ இப்போது இருக்கும் 275-க்கு மேல் கூடுதலாக எவ்வளவு என்பதை அப்படியே கண்ணால் பார்க்கலாம். முடிச்சை இறுக்கக் கட்டாதே, உருண்டையாக நிற்கும். கொஞ்சம் தளர்வாகக் கட்டித் தட்டிப் பரப்பு. பிறகு சுடிதார் போடு, சேலை கட்டு, பிளவுஸ் கொக்கி ஏறுகிறதா பார். சமையல் செய், படி ஏறு, ஸ்கூட்டர் ஓட்டு. எனக்கு 200 மில்லி வைத்தபோது கண்ணாடியில் பிரமாதமாக இருந்தது. மாலைக்குள் தோள்பட்டை கேட்டுவிட்டது, பிரா வார் பதிந்த இடம் சிவந்திருந்தது. நான் அதை 100 ஆக்கினேன், கடைசியில் ஆபரேஷனே வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அது வேறு கதை.

ஒன்று: அரிசி வெளியே இருக்கும், இம்ப்ளாண்ட் தசைக்கு அடியில் இருக்கும். உள்ளே போனால் கொஞ்சம் சிறியதாகத்தான் தெரியும். அப்புறம் அந்த அரிசியைச் சோறாக்கிவிடாதே.

வடசேரி வாசகர்:

கடவுள் தந்த உடம்பு போதாதா? முதல் தடவை செய்தாயிற்று. இப்போது இரண்டாம் தடவை இன்னும் பெரிதாக. இதற்கு முடிவு எங்கே? நம் ஊரில் பெண்கள் இப்படி யோசிப்பதே வருத்தமாக இருக்கிறது.

மட்டிப்பழம்:

அண்ணாச்சி, பல் கட்டியிருக்கிறீர்களா? தலைக்குச் சாயம்? கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? அதுவும் கடவுள் தந்தது போதாமல்தானே?

நெறியாளர்:

வாசகர், கேட்பவர் முடிவெடுத்த பெரிய மனுஷி. ஆபரேஷன் பற்றித் தெரிந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் வேறு இழைக்குப் போங்கள். இதன் கீழ் வந்த சண்டையை நீக்கியிருக்கிறேன்.

தேங்காய்ப்பட்டணம்:

பெயர் சொல்லாமல் எழுதுவதால்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் நினைப்பதை நான் செய்து முடித்தவள்.

முதலில் 300. பிறகு வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் 500 வைத்தார்கள். கேட்டது நான்தான், ஆனால் அளந்து பார்த்து "இது உனக்கு ஆகாது" என்று ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. போட்டோ காட்டினேன், தலையாட்டினார்கள், தேதி தந்தார்கள். முதல் ஆறு மாதம் சந்தோஷம். அப்புறம் குளிக்கும்போது வலது பக்கம் கீழே தொட்டால் இம்ப்ளாண்டின் விளிம்பு விரலில் தட்டுப்பட ஆரம்பித்தது. குனிந்தால் பக்கவாட்டில் தோலுக்கடியில் அலை அலையாக மடிப்பு தெரியும். எனக்கு இயற்கையிலேயே தோல் மெல்லியது, உடம்பும் ஒல்லி. மறைக்கச் சதை இல்லை. கொஞ்ச நாளில் வலது பக்கம் மட்டும் இறங்கி, காம்பு மேல்நோக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. சிஸ்டர் சொன்னாரே, அதே.

நம் ஊர் ஈரக்காற்றில் மடிப்புக்கு அடியில் வியர்வை நின்று சொறி வருவதை யாரும் பேசுவதில்லை. ஜூன் மழையிலும் வரும், ஏப்ரல் வெயிலிலும் வரும். பருத்தித் துணியை மடித்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டு அலுவலகம் போவேன்.

திரும்பப் போனபோது அந்த மருத்துவமனை "இது இயல்பு, பழகிவிடும்" என்றது. வேறொரு சர்ஜன்தான் சரிசெய்தார். 500-ஐ எடுத்து 325 வைத்து, கீழ் மடிப்பை உள்ளுக்குள் தையல் போட்டு மேலே தூக்கி, தொங்கிய தோலை எடுத்து லிஃப்ட்டும் செய்தார். காம்பைச் சுற்றியும் கீழே நேராகவும் புதுத் தழும்பு. காம்பில் உணர்ச்சி பாதி போய்விட்டது, திரும்பவில்லை. பெரிய இம்ப்ளாண்டில் அந்த ஆபத்து கூடுதல் என்று பிறகு தெரிந்தது.

உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. 425 வேண்டும் என்பவர்களுக்கு 425 பொருந்துகிற உடம்பும் உண்டு. உங்கள் அடி அகலம் 12 என்று எண் கையில் இருக்கிறதே, அதை விடாதீர்கள்.

ஆரல்காற்று:

எல்லாரும் கெட்டதையே சொன்னால் எப்படி? நான் ரிவிஷன் செய்து நிம்மதியாக இருப்பவள். 250-லிருந்து 350, ஹை புரொஃபைல். அளவு கூடியது மட்டும் இல்லை, என் பழைய இம்ப்ளாண்ட் மார்பின் அகலத்துக்குக் குறுகலாக இருந்தது, நடுவில் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி. அதுதான் எனக்கு "சிறியது" என்று தோன்றியிருக்கிறது. அகலத்தைச் சரிசெய்ததும் குறை போய்விட்டது.

ஆனால் அவசரப்படவில்லை. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருஷம் கழியாமல் இரண்டாவது பற்றிப் பேசவே மாட்டேன் என்றார் என் சர்ஜன். இம்ப்ளாண்ட் அமர, தசை தளர, தோல் நெகிழ அவ்வளவு ஆகும். உங்களுக்கு நாலு வருஷம் ஆகிவிட்டது, அந்தப் பிரச்சனை இல்லை.

25, 50 சிசி கூட்டுவதற்காக மேசையில் ஏறாதீர்கள், துணி மேல் அது தெரியவே தெரியாது. அதற்காக 200 கூட்டச் சொல்லவும் இல்லை. உடம்பு எவ்வளவு தாங்குமோ அந்த எல்லைக்குள் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் செய்ய வேண்டாம்.

கொழுப்பு எடுத்து வைப்பதையும் கேட்டுப் பாருங்கள். வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி, மார்பின் மேல்பாகத்தில் ஊசியால் வைப்பார்கள். வைத்ததில் ஒரு பங்கு உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், மிச்சம் நிற்கும். உங்கள் குறை மேல் பள்ளம் மட்டும் என்றால் இம்ப்ளாண்டைத் தொடாமலே தீரலாம்.

குளச்சல் அலை:

நான் வேறு வழியில் இங்கே வந்தவள். மார்பகப் புற்றுநோய், திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டரில் சிகிச்சை, பிறகு இம்ப்ளாண்ட் வைத்து மார்பை மீட்டமைத்தார்கள். அதனால் ஒரு விஷயத்தில் கொஞ்சம் கறாராகப் பேசுவேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கான அட்டை வைத்திருக்கிறீர்களா? ஆபரேஷன் அன்று இம்ப்ளாண்ட் பெட்டியிலிருந்து ஸ்டிக்கரை உரித்து ஒட்டித் தருவார்களே, கம்பெனி, மாடல், அளவு, சீரியல் எண் எல்லாம் இருக்கும். அது இல்லாமல் ரிவிஷனுக்குப் போகாதீர்கள். பிரான்ஸில் பிஐபி என்று ஒரு கம்பெனி, மருத்துவத் தரமில்லாத தொழிற்சாலை சிலிகானை நிரப்பி விற்றது. 2010-ல் அது வெளியே வந்தது, உலகம் முழுக்க லட்சக்கணக்கான பெண்கள் வைத்திருந்தார்கள். நிறுவனரை 2013-ல் அங்கே நீதிமன்றம் தண்டித்தது. தன் உள்ளே எந்தக் கம்பெனி என்று தெரியாதவர்கள்தான் அன்று அதிகம் தவித்தார்கள்.

அடுத்தது மேற்பரப்பு. உங்களுடையது வழவழப்பு என்கிறீர்கள், நல்லது. சொரசொரப்பான இம்ப்ளாண்டுகளோடு தொடர்புடைய அபூர்வமான ஒரு லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) இருக்கிறது, மார்புச் சதையில் இல்லை, இம்ப்ளாண்டைச் சுற்றிய கேப்சூலில் வருவது. ஆலர்கன் கம்பெனி 2019 ஜூலையில் தன் பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது அதனால்தான். அறிகுறி இல்லாதவர்கள் பயந்து எடுக்க வேண்டாம் என்றும் அப்போதே சொன்னார்கள். ஆனால் வருஷங்கள் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால் உடனே காட்ட வேண்டும், நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். ரிவிஷனில் புதியதை வைக்கும்போது எந்த மேற்பரப்பு, எந்த மாடல் என்று எழுதிக் கேளுங்கள்.

ஸ்கேன் விஷயத்தில் உங்கள் நாகர்கோவில் டாக்டர் சரிதான். சிலிகான் உறை கிழிந்தாலும் ஜெல் பெரும்பாலும் உள்ளேயே நிற்கும், வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். வைத்து 5 அல்லது 6 வருஷத்தில் எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட், பிறகு 2 அல்லது 3 வருஷத்துக்கு ஒருமுறை என்பது அமெரிக்க எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு) சொல்லும் கணக்கு. ஆபரேஷனுக்கு முன்னால் பார்த்துக்கொண்டால் சர்ஜன் உள்ளே போய்த் திகைக்க மாட்டார். அதே எஃப்டிஏ இன்னொன்றும் சொல்கிறது: அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் 5-ல் ஒருவர் வரை 8 முதல் 10 வருஷத்துக்குள் எடுக்க வேண்டி வருகிறது. உங்களுக்கு 36 வயது. இந்த ரிவிஷன்தான் கடைசி என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். அடுத்ததற்கும் தோல் மிச்சம் இருக்க வேண்டும்.

40 தாண்டினால் மேமோகிராம் வரும். படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே இம்ப்ளாண்ட் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இம்ப்ளாண்டைப் பின்னால் தள்ளி சதையை முன்னால் இழுத்துத் தனிப் படம் எடுப்பார்கள். இம்ப்ளாண்ட் பெரிதாக ஆக மறைக்கிற சதையும் கூடும். வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்று சர்ஜன் கேட்டாரா? கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

கீரிப்பாறை:

ஆண் ஒருவன் கேட்கலாமா? என் மனைவிக்கும் ரிவிஷன் இருக்கிறது, பெரிதாக்க இல்லை, கேப்சூல் இறுகிவிட்டது. எத்தனை நாள் லீவு போட வேண்டும்? வீட்டில் கிணற்றுத் தண்ணீர்தான், இறைப்பது அவள்.

தியேட்டர் சிஸ்டர்:

கேட்கலாம் தம்பி, கேட்கிற வீட்டுக்காரர்கள் குறைவு.

இறுக்கம் என்றால் டாக்டர்கள் பேக்கர் என்று நாலு படியாகச் சொல்வார்கள். முதல் படி இயல்பு. இரண்டாவதில் கொஞ்சம் கெட்டி, பார்த்தால் தெரியாது. மூன்றாவதில் வடிவம் மாறித் தெரியும். நாலாவதில் வலியும் சேரும். மூன்று நாலு என்றால் கேப்சூலையே எடுக்க வேண்டி வரலாம். அதனால் உள்ளே இரத்தமும் நீரும் தேங்காமல் இருக்க ட்ரெயின் குழாய் வைப்பார்கள். குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால் அளவு குறித்து வைப்பது உங்கள் வேலை.

லீவு முதல் வாரம் முழுக்கப் போடுங்கள். கிணற்றில் இறைப்பது, கேஸ் சிலிண்டர் நகர்த்துவது, குழந்தையைத் தூக்குவது, மாவு ஆட்டும் கிரைண்டர் கல்லைத் தூக்குவது எதுவும் ஆறு வாரம் போல வேண்டாம். தசைக்கு அடியில் இருப்பவர்களுக்கு இறைக்கும் அசைவு நெஞ்சுத் தசையையே இழுக்கிறது. கைக்கு மேலே அலமாரியில் இருக்கும் டப்பாவையெல்லாம் முதல் நாளே கீழே இறக்கி வைத்துவிடுங்கள். வெந்நீர் போட்டுத் தர உங்களுக்குத் தெரியும்தானே?

அப்புறம் பயணம். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் என்றால் அன்றே காரில் திரும்பாதீர்கள். களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம் வரை வண்டி ஊர்கிற நேரத்தில், ஒரு பக்கம் மட்டும் வீங்கி இறுகினால் என்ன செய்வீர்கள்? இரத்தம் கட்டுவது பெரும்பாலும் முதல் நாளில்தான். ஒரு இரவாவது அங்கேயே இருங்கள். சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் சின்னத் தலையணை வையுங்கள்.

சுசீந்திரம் சுண்டல்:

காசு பற்றி யாரும் பேசவில்லை. இன்ஷூரன்ஸ் கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான மீட்டமைப்பு தவிர மற்ற அழகு ஆபரேஷனை எல்லாக் கம்பெனி பாலிசியும் விலக்கி வைத்திருக்கிறது. அதில் பின்னால் வரும் சிக்கலுக்கும் அவர்கள் கையை விரிக்கலாம். மருத்துவத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று நினைக்காதீர்கள், அழகுக்கான ஆபரேஷனுக்கு உண்டு. மதிப்பீடு வாங்கும்போது வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். ரிவிஷனில் உள்ளே போன பிறகு "கேப்சூலும் எடுக்க வேண்டியிருந்தது, இம்ப்ளாண்டைத் தாங்க உள்ளே வலையும் வைத்தோம்" என்று பில் ஏறும். அந்த வேலைகளுக்குத் தனித்தனியாக என்ன தொகை என்று முன்னாலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

டாக்டர் எம்எஸ் ஜெனரல் சர்ஜரிக்கு மேல் எம்சிஎச் பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது அதற்குச் சமமான டிஎன்பி முடித்தவரா என்பதைப் பலகையில் பாருங்கள். "காஸ்மெட்டிக் ஸ்பெஷலிஸ்ட்" என்ற பட்டம் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள்.

மட்டிப்பழம்:

சுண்டல், விலை விசாரித்து விசாரித்தே உனக்கு ஒரு டிப்ளமா கொடுக்கலாம்.

வேளிமலை மழை:

எல்லாருக்கும் நன்றி. தேங்காய்ப்பட்டணம் அக்கா எழுதியதை வாசித்துவிட்டு அன்று இரவு தூக்கமில்லை, ஆனால் அதற்கும் நன்றி.

நாகர்கோவிலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தாயிற்று. இரண்டு உறையும் கிழியவில்லை. சுற்றிலும் நீர் இல்லை. பிறகு டாக்டர் தொட்டுப் பார்த்து, இடது பக்கம் கேப்சூல் கொஞ்சம் கெட்டி, பேக்கர் இரண்டு, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். அட்டையும் கிடைத்துவிட்டது. பீரோவில் பையனின் தடுப்பூசிப் புத்தகத்துக்குள் இருந்தது.

சிஸ்டர் சொன்னபடி கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். தையல் மடிப்பில்தான் இருக்கிறது, காம்பும் நேராகத்தான் இருக்கிறது. இறங்கவில்லை. ஆனால் என்னுடைய இம்ப்ளாண்டின் அகலத்தை அட்டையில் இருந்த மாடல் எண்ணை வைத்து டாக்டர் பார்த்துச் சொன்னார்: 11-க்குக் கொஞ்சம் குறைவு. மார்பு அகலம் 12. ஆரல்காற்று சொன்ன அதே கதை. வைத்ததே குறுகல்.

அரிசியும் வைத்துப் பார்த்தேன். 150 மில்லியில் வீட்டுக்காரர் "யாரோ மாதிரி இருக்கிறாய்" என்றார். 75-க்கும் 100-க்கும் நடுவில் எனக்கே பிடித்தது. கடைசியாக டாக்டர் சொன்னது ஹை புரொஃபைலில் 350 முதல் 375-க்குள். மேல்பாகம் அதிலும் முழுக்க நிரம்பாவிட்டால், பிறகு கொஞ்சம் கொழுப்பு வைக்கலாம், இப்போதே இரண்டையும் செய்ய வேண்டாம் என்றார். திருவனந்தபுரத்து டாக்டரிடம் இதையே போனில் கேட்டேன். "425 கேட்டீர்கள், அதனால் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான்.

பையனின் பரீட்சை முடிந்து மே மாதம் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

தேங்காய்ப்பட்டணம்:

மே வேண்டாம் பிள்ளே. சர்ஜிக்கல் பிராவை இரவு பகலாகப் போட வேண்டும். அந்தப் புழுக்கத்தில் தையல் மேல் பிளாஸ்டர் ஊறிவிடும். ஆகஸ்டுக்குத் தள்ள முடிந்தால் தள்ளு.

வேளிமலை மழை:

ஆகஸ்டில் அண்ணன் வீட்டில் கல்யாணம். மைனிக்குத் துணையாகப் பந்தல் வேலையெல்லாம் நான்தான். செப்டம்பர் போட்டுக்கொள்ளலாமா? இப்போது தைராய்டு மாத்திரையும் மீன் எண்ணெய் மாத்திரையும் எடுக்கிறேன், அதை முன்கூட்டி நிறுத்த வேண்டுமா?

தியேட்டர் சிஸ்டர்:

செப்டம்பர் நல்லது. தைராய்டு மாத்திரையை நீயாக நிறுத்தாதே, பெரும்பாலும் ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு மடக்கு தண்ணீரில் போடச் சொல்வார்கள். மீன் எண்ணெய், ஆஸ்பிரின், வலி மாத்திரை, பூண்டு கேப்சூல், லேகியம் எது எடுத்தாலும் அட்டையோடு பையில் போட்டு அனஸ்தீசியா டாக்டரிடம் காட்டு, எதை எப்போது நிறுத்துவது என்று அவர் தேதி போட்டுத் தருவார். தைராய்டு இரத்தப் பரிசோதனை பழையதாக இருந்தால் புதிதாக எடுத்து வை. கல்யாணத்தில் அண்டா தூக்காதே என்று சொல்ல மாட்டேன், ஆபரேஷனுக்கு முன்னால்தானே, தூக்கு.